3-சி-யில் குடியிருப்பவர்

பிப்ரவரி 4, புதன்

பத்திரம் பதிவாகிவிட்டது. பட்டாபிராமில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், மூன்றாவது மாடியில் 3-சி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, ஒரே ஒரு ஆள் நின்று துணி உலர்த்தும் அளவுக்குப் பால்கனி. பதிவு அலுவலகத்தில் கேமரா முன்னால் உட்காரவைத்து, "கொஞ்சம் நிமிந்து பாருங்கம்மா" என்று மூன்று முறை சொன்னார்கள். நான் நிமிர்ந்துதான் இருந்தேன்.

வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய வீடு இது. யோசனை என் கொழுந்தன் சேகருடையது. எங்கள் வீட்டு நிதியமைச்சர் அவன். முதலீடு பற்றி யாரோ பேசுவதைக் கைபேசியில் ஆறு மாதம் பார்த்துவிட்டு, "அண்ணி, உங்க சம்பளம் பேங்க்ல தூங்குது. ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டா வாடகையே லோனக் கட்டிடும். பட்டாபிராம்ல ஐ.டி. கட்டடம் வந்திருக்கு, ஆளுங்க க்யூல நிப்பாங்க" என்றான். என் சம்பளம் தூங்கி நான் பார்த்ததில்லை. மாதம் பிறந்தால் வீட்டிலுள்ள ஏழு பேருக்கும் அதுதான் ஓடுகிறது.

அரசுக் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் என்றதும் வங்கியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அதனால் கடன் என் பேரில். பத்திரமும் என் பேரில். எட்டு வருடத் தவணை. நான் ஓய்வு பெறவும் எட்டு வருடம் இருக்கிறது. நடுவில் சாகக்கூட நேரமில்லை என்று இவரிடம் சொன்னேன். "நல்ல நாளும் அதுவுமா ஏன் இப்பிடிப் பேசற?" என்றார்.

இதை அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் என்ன எழுதுகிறாய் என்று நான்கு பேர் கேட்பார்கள், இரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பெரம்பூர் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்று சேகருக்கும் அவன் மனைவி புவனாவுக்கும் அவர்களுடைய இரண்டு பெண்களுக்கும். இன்னொன்று என் மாமியாருக்கு. நானும் இவரும் ஹாலில். மகன் முகிலன் புனேயில் வேலையில் இருக்கிறான். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். குறையாகச் சொல்லவில்லை, இடம் அப்படி.

பிப்ரவரி 8, ஞாயிறு

3-சி-யில் பால் காய்ச்சினோம். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அத்தையை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பால் கிழக்குப் பக்கம் பொங்கியதில் எல்லோருக்கும் திருப்தி. அடுப்பைச் சுத்தம் செய்தது நான்.

கிளம்பும்போது அத்தை சொன்னார்: "பால் காய்ச்சுன வீட்ட இருட்டாப் போட்டு வெக்கக் கூடாது. ஆள் குடி வர்ற வரைக்கும் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம யாராவது வந்து வெளக்கேத்தணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் யாராவது என்றால் நான்தான். பெரம்பூரைத் தாண்டி இன்னும் அரை மணி நேரம் ரயிலில் போக வேண்டும், அலுவலகம் முடிந்து களைப்பாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு மாசந்தான் வேணி. அதுக்குள்ள ஆள் வந்துடும்" என்றார் அத்தை.

வந்த கோபத்தில் மீதிப் பாலைக் கொட்டிவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பெரம்பூரில் ரயில் நின்றது. பாதிக் கூட்டம் இறங்கியது. நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தது விசித்திரமாக இருந்தது. பக்கத்திலிருந்த பூக்காரம்மா, "தூங்கிட்டீங்களா, பெரம்பூர் போயிடுச்சே" என்றார். தினமும் பார்க்கிறவர்.

விளக்கில் அரை ஸ்பூன் எண்ணெய் விட்டேன். எரிகிற விளக்கை விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போக முடியாது. நாமாக அணைத்தால் அத்தைக்கு ஆகாது. தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இருபது நிமிடம் தரையில் உட்கார்ந்திருந்தேன். வீண் அலைச்சல். ஆள் சீக்கிரம் வர வேண்டும்.

பிப்ரவரி 27, வெள்ளி

இன்று இரண்டு ஸ்பூன். திரி சரியாக நனையாவிட்டால் புகைகிறது.

காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை இல்லாததால் நாட்குறிப்பைக் கைப்பையில் போட்டு எடுத்துவந்து இங்கேயே எழுதுகிறேன். சமையலறை ஜன்னலிலிருந்து ரயில் பாதை தெரிகிறது. மேல் வீட்டில் யாரோ மிக்ஸி ஓட்டுகிறார்கள். எனக்காக ஓட்டவில்லை, என்னை ஓட்டச் சொல்லவும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்க நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

தரகர் லோகு முதல் ஆட்களை அழைத்து வந்தார். கல்யாணமாகி மூன்று மாதமான ஜோடி. பையன் அந்த ஐ.டி. கட்டடத்தில்தான் வேலை. அந்தப் பெண் நேராகச் சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்து, "இங்கேர்ந்து ட்ரெயின் தெரியுதுங்க" என்று அவனைக் கூப்பிட்டாள். நெடுநேரம் அங்கேயே நின்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதுசாகக் கல்யாணமானவர்கள் சுவர் முழுக்க ஆணி அடித்துப் போட்டோ மாட்டுவார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

வங்கி ஊழியர் ஒருவர், மனைவி, அம்மா, ஒரு குழந்தை. மரியாதையான குடும்பம். ஆனால் தண்ணீர் எப்படி வரும் என்று மூன்று முறை கேட்டார். ஒரு முறை சொன்னால் புரியாதவருக்கு வீடு கொடுத்தால் தினமும் போன் வரும். வேண்டாம் என்றேன். லோகுவின் முகம் சுருங்கிப்போயிற்று.

மார்ச் 20, வெள்ளி

ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு தம்ளர், ஒரு தட்டு வாங்கி வைத்தேன். வீடு பார்க்க வருகிறவர்கள் உட்கார ஏதாவது வேண்டும். தலையணை கடைக்காரர் தள்ளுபடியில் கொடுத்தார்.

அகல் நிறைய எண்ணெய்.

மார்ச் 27, வெள்ளி

தூங்கிவிட்டேன். பாயில் சும்மா சாய்ந்ததுதான் தெரியும். இரண்டு மணி நேரம், கனவுகூட இல்லை. பெரம்பூரில் பகலில் நான் படுத்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். இல்லை என்றால், "அப்ப எந்திரி, வெளக்கு வெக்கற நேரம்" என்பார்கள்.

வீட்டில் சிக்னல் கோளாறு என்று சொன்னேன். பொய் என்று சொல்ல முடியாது. எங்காவது ஒரு சிக்னல் எப்போதும் கோளாறாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஏழாவது குடும்பத்தையும் திருப்பி அனுப்பியதும் லோகு படியில் உட்கார்ந்துவிட்டார். "மேடம், நீங்க வீட்ட வாடகைக்கு விடறீங்களா, இல்ல பொண்ணு குடுக்கறீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அலைந்ததற்கு ஏதோ கொடுத்து அனுப்பினேன்.

ஏப்ரல் 13, திங்கள்

இடைவேளை முடிவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நேற்று இரவுச் சாப்பாட்டில் சேகர் புதுத் திட்டம் சொன்னான். "ரெண்டு மாசமா ஆள் வரல. காலியா கெடந்து லோன் மட்டும் ஓடுது. அம்மா, அண்ணன், அண்ணி மூணு பேரும் பட்டாபிராம் போயிட்டா என்ன? பெரியவ ப்ளஸ் டூ போறா, அவளுக்கு அம்மாவோட ரூமக் குடுத்துடலாம்."

அத்தை முதலில் மூன்று மாடி ஏற முடியாது என்றார். லிஃப்ட் சரியாகிவிட்டது என்று சேகர் சொன்னதும், "படுக்கற ரூம் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார். படுக்கையறை அத்தைக்கு. அங்கேயும் நானும் இவரும் ஹாலில். இவர், "பாக்கலாம்" என்றார். இவர் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம். நான் எல்லோருக்கும் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இதை நானேதான் வரவழைத்துக்கொண்டேன். முதலில் வந்த அந்தப் பெண்ணுக்கே கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். எனக்கு அந்த வீடு வேண்டும். வாடகைக்கு விட அல்ல. எனக்கு. வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி நேரம் யாரும் வேணி என்று கூப்பிடாத இடம் வேண்டும். இதை வீட்டில் எந்த வாயால் சொல்வது? அத்தை நோயாளி இல்லை, இவர் குடிகாரர் இல்லை, யாரும் அடிப்பதில்லை. காரணம் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை.

ஏப்ரல் 15, புதன்

நேற்று சித்திரை முதல் நாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அத்தை தன் கட்டில் அங்கே லிஃப்டில் ஏறுமா என்று இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "வீட்டுக்கு ஆள் வந்தாச்சு. நேத்துதான் பேசி முடிச்சேன்."

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"யாரு?" என்றான் சேகர்.

"ஒரு டீச்சர். பேரு நிர்மலகுமாரி."

என் மேஜையில் இருந்த விடுப்பு விண்ணப்பத்தில் பார்த்த பெயர். அதற்கப்புறம் கேள்விகள் வந்தன, பதில்களும் தாமாகவே வந்தன. வயது முப்பத்தைந்து. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் துபாயில். குழந்தை இல்லை. அமைதியான ஆள். சாமி கும்பிடுகிறவர். அத்தைக்கு அது போதுமாக இருந்தது. புவனா மட்டும், "புருஷன் துபாய்ல, இவங்க பட்டாபிராம்லயா? பாவம்" என்றாள். ஒரு கணம் எனக்கும் பாவமாக இருந்தது.

ஏப்ரல் 17, வெள்ளி

சேகர் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னான். முத்திரைத்தாள் வாங்கி, பதினொரு மாதத்துக்கு நானே தட்டச்சு செய்து, நிர்மலகுமாரியின் கையெழுத்தை இடது கையால் போட்டேன். முப்பது வருடம் மற்றவர்கள் போட்ட கையெழுத்தைச் சரிபார்த்து வாங்கியவள் நான். அட்வான்ஸுக்கும் மாத வாடகைக்கும் என் வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் குடும்பச் செலவு என்று போட்டேன்.

காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். மனம் இலேசாக இருந்தது. பெரம்பூர் வந்தபோதுதான் உறைத்தது. ஆள் குடிவந்துவிட்டார். இனி விளக்கேற்ற நான் போக வேண்டியதில்லை. நிர்மலகுமாரி ஏற்றிக்கொள்வார்.

இறங்கி வீட்டுக்குப் போனேன். நான் ஒரு முட்டாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

பெரம்பூரில் இறங்கினேன்.

மே 5, செவ்வாய்

வாடகையை இவரிடம் கொடுத்தேன். இவர் வங்கிக்குப் போய் வீட்டுக் கடனில் கட்டினார். என் பணம் என் கையிலிருந்து இவர் கைக்குப் போய், அங்கிருந்து வங்கிக்குப் போய், என் கடனைக் கட்டுகிறது. "பாத்தீங்களா அண்ணி, வாடகையே கட்டுதா இல்லியா?" என்கிறான் சேகர். ஆமாம் தம்பி என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த வீட்டுக்கு நான் வாடகை கொடுக்கிறேன். அந்த வீட்டைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது.

மே 15, வெள்ளி

போனேன். அத்தை புண்ணியத்தில்.

ஆவக்காய் ஊறுகாய் போட்டார். "பாவம், தனியா இருக்கற பொண்ணு. ஒரு பாட்டில் குடுத்துட்டு வா" என்றார். மூன்றாவது மாடிக்குப் பாதி ஓட்டமாக ஏறினேன். வாட்ச்மேன், "என்னம்மா, ரொம்ப நாளாக் காணோம்?" என்றார். கதவைத் திறந்தால் ஒரு மாதத்துத் தூசி. துடைத்துவிட்டுப் பாயை விரித்து, கொண்டுபோன தயிர்சோற்றை ஊறுகாயோடு சாப்பிட்டேன். கூப்பிட ஆளில்லாததால் மூன்று தடவை போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, "ஊறுகா ரொம்ப நல்லா இருந்துச்சாம் அத்தை. இந்த மாதிரி எங்கயுமே சாப்பிட்டதில்லையாம்" என்றேன். அத்தை முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இருபத்தெட்டு வருடத்தில் இதை நானாக அவரிடம் சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 1, திங்கள்

வீட்டில் நிர்மலகுமாரிக்குச் செல்வாக்கு கூடிவிட்டது. புவனா சின்னவளை அடிக்கும்போது, "நிர்மலா டீச்சர்கிட்டதான் உன்னக் கணக்குப் படிக்க அனுப்பணும்" என்கிறாள். அத்தை, துபாய்க்காரன் எப்போது வருவான் என்று வாரம் ஒரு முறை கேட்கிறார். போன வாரம் தீபாவளிக்கு என்று சொன்னேன், இந்த வாரம் பொங்கலுக்கு என்றேன். "பாத்தியா, லீவு தள்ளிப்போயிடுச்சு" என்று அத்தையே திருத்திக்கொண்டார்.

சேகர் சந்தோஷத்தில் இருக்கிறான். "இவ்ளோ சுலபமா போகும்னா இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிடலாம் அண்ணி. உங்களுக்கு இன்னும் லோன் எலிஜிபிலிட்டி இருக்கு." இன்னொரு நிர்மலகுமாரிக்கு நான் எங்கே போவேன்?

இந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆடிட் என்று சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டு வெள்ளிக்கிழமைக்கு ஆடிட் தாங்காது.

ஜூன் 19, வெள்ளி

3-சி-யில் குழாய் ஒழுகுகிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன். இவர் நிமிர்ந்து பார்த்து, "கொழாய நீ பாத்து என்ன பண்ணப்போற? நான் போறேன்" என்றார். கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். போன வருடம் ஓய்வு பெற்றதிலிருந்து டிவி முன்னால்தான். வீட்டில் எல்லாக் குழாயையும் ஏற்கனவே இறுக்கிவிட்டார்.

"லேடீஸ் தனியா இருக்கற வீடுங்க. நீங்க போனா நல்லா இருக்காது" என்றேன்.

சரி என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். முகம் வாடிப்போனது போலிருந்தது. ஒரு மணி நேரம் 3-சி-யில் இருந்தேன். உட்காரவே முடியவில்லை. மாடிப்படியில் எந்தக் காலடிச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றேன்.

ஜூன் 30, செவ்வாய்

இன்று ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. வைப்பு நிதிப் பணம் டிசம்பர் வரை வரும். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஜூலை 2, வியாழன்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்றரை மணிக்கு இவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். 3-சி வாசலில் நிற்கிறார். குழாய்க்கு வாஷரும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருக்கிறார்.

"ஸ்கூல் விட்டு வர்ற நேரந்தானேன்னு வந்தேன். நாலு தடவ பெல் அடிச்சேன். வாட்ச்மேன் என்னமோ சொல்றாரு வேணி. வீடு காலியாத்தான் இருக்காம். எப்பவாவது ஒரு மேடம் வந்து கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருப்பாங்களாம்."

மேஜை இழுப்பறையை மூடிவிட்டுக் கைப்பையை எடுத்தேன்.

"இன்னொரு சாவி எங்கிட்ட இருக்கு. தெறக்கட்டுமா?"

"தெறங்க. நான் வரேன்."

ரயிலில் எத்தனையோ கதை கட்டிப் பார்த்தேன். நிர்மலகுமாரி காலி செய்துவிட்டார். ஊருக்குப் போயிருக்கிறார். துபாய்க்கே போய்விட்டார். எதைச் சொன்னாலும் அத்தையும் சேகரும் நம்புவார்கள். இவரிடம் சொல்லிப் பார்க்க வாய் வரவில்லை.

போனபோது கதவு திறந்திருந்தது. இவர் பால்கனி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். பாயில் உட்காரவில்லை. தலையணை, கொக்கியில் என் நீலப் புடவை, பழைய மூக்குக்கண்ணாடி, பிஸ்கட் பொட்டலம், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எதையும் தொடவில்லை.

"கொழாய் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"ம்."

"எவ்ளோ நாளா?"

"ஆரம்பத்துலேருந்தே. அப்பிடி ஒரு டீச்சரே இல்ல."

"இங்க வேற யாராவது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"யாரும் வர்றதில்லங்க. நான் மட்டுந்தான்."

"வந்து என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன்."

அவருக்கு அது புரிய நேரம் பிடித்தது. கத்துவார் என்று காத்திருந்தேன். என் சம்பளம், என் பேரில் பத்திரம், உங்களுக்கென்ன என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. வாடகைப் பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையாட்டினார்.

வெளியே பார்த்துக்கொண்டு பேசினார். "ரிட்டயர் ஆனதுலேருந்து அந்த டிவி முன்னாடி உக்காந்திருக்கேன். பாக்கறதில்ல வேணி. சும்மா உக்காந்திருக்கேன். எந்திரிச்சா அம்மா எங்க போறன்னு கேக்கும், சேகர் ஏதாவது வேல சொல்லுவான். இன்னைக்கு நீ வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் இங்க இருந்தேன். நல்லா இருந்துச்சு." ஸ்பேனரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "எனக்கும் ஒரு நாள் குடேன். செவ்வாக்கெழம மட்டும்."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இத்தனை மாதத்தில் இவருக்கும் மூச்சு முட்டும் என்று ஒரு முறைகூட நான் நினைக்கவில்லை. அந்த ஹாலில் என் பக்கத்திலேயே படுத்திருக்கிறவர். அவர் தப்பிக்க நினைக்கிற கூட்டத்தில் நானும் இருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அது வலித்தது. ஆனால் இங்கே இன்னொரு தலையணை வந்தால், அந்தக் கொக்கியில் அவர் துண்டு தொங்கினால், இது பெரம்பூராகிவிடும்.

"முடியாதுங்க" என்றேன்.

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. குற்ற உணர்வாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

"சரி" என்று எழுந்தார். வாஷரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நீ இருந்துட்டு மெதுவா வா. நான் முன்னாடி போறேன்."

அவர் போனபின் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சு கேட்டது. டிவியை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் ஹாலில் இருந்தார்கள் போலிருக்கிறது. இவர் பட்டாபிராம் போய்வந்ததைச் சொல்லிவிட்டார் என்று புரிந்தது.

"பாத்தியா அந்தப் பொண்ண? எப்பிடி இருக்கா?" அத்தை குரல்.

"பொண்ணு இல்லம்மா. அம்பதுக்கு மேல இருக்கும்."

"வேணி முப்பத்தஞ்சுன்னு சொன்னாளே?"

"இல்லம்மா. நல்லா நரைச்சிருக்கு. நானே இன்னைக்குத்தான் பாத்தேன். ரொம்பக் களைச்சுப்போய் இருந்தாங்க. பேச்சுக் கம்மி."

"வாடகை ஏத்தறதப் பத்திக் கேட்டியாண்ணா?" என்றான் சேகர்.

"கேக்கல."

"எத்தன நாளைக்கு இருப்பாங்களாம்?" என்றார் அத்தை.

"அவங்க இருக்கற வரைக்கும் இருக்கட்டும்மா. நாம யாரும் அங்க போய்த் தொந்தரவு பண்ண வேணாம்."

ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். உள்ளே போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமையைக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. கொடுக்க மனமும் வரவில்லை. உள்ளேயிருந்து புவனா, "அக்கா வந்துட்டாங்களா? மாவ எடுத்து வெளிய வெச்சிருக்கேன்" என்றாள். உள்ளே போய் ஏழு பேருக்கும் தோசை ஊற்றினேன்.